ஓட்டுப் போடலாம், நிக்க முடியாது

எலக்சன் வந்தா எங்க காடாம்புலியூர்ல, "கிறிஸ்தவங்க ஓட்டு யாருக்கு?"ன்னு கேப்பாங்க. முந்திரிக்கொட்டை உடைச்சே விரல் கறுத்துப்போன எங்கம்மா சொல்லும்: "கோயில்ல சாமியார் சொல்றதும் கேக்குது, தெருவுல கட்சிக்காரன் சொல்றதும் கேக்குது. நம்ம தெருவுக்கு எவன் வந்தான்னு பாத்துத்தான் போடுவேன்."

நம்பிக்கை எங்கள் ஓட்டைத் தீர்மானிக்கிறதோ இல்லையோ, எங்களில் யார் வேட்பாளராகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியை இந்து மதத்தோடு முடிச்சுப் போட்டது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத் தலித்துகள் இன்றும் வெளியேதான். தனித்தொகுதியில் நாங்கள் ஓட்டுப் போடலாம்; நிற்க முடியாது.

நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரனான எனக்கு இன்னொரு சுரங்கம் நினைவுக்கு வருகிறது: கோலார் தங்கவயல். அங்கே 1967இல் தனித்தொகுதியில் வென்றவர் எஸ். ராஜகோபால். 1949இல் கிறிஸ்தவரானவர் என்று வழக்குப் போட்டார்கள், பதவி போனது. 1972இல் மறுபடி வென்றார், மறுபடி வழக்கு. அவர் இந்துவாகத் திரும்பிவிட்டார், ஆதிதிராவிடர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்லித்தான் 1975இல் உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியை ஏற்றது. 2021இல் தேவிகுளத்தில் வென்ற ஏ. ராஜா மீதும் இதே குற்றச்சாட்டு. 2023இல் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் தீண்டாமை தீர்ந்ததா என்று கேட்பதில்லை. சர்டிபிகேட்டுல எனக்கு ஒரு பேரு, கோயில் புஸ்தகத்துல ஒரு பேரு. ரெண்டு பேருக்காரனையும் ஊரு ஒரே சாதிப்பேரச் சொல்லித்தான் கூப்பிடுது.