முத்திரையிட்ட கோப்பும் மூடாத வாயும்

நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியேற்ற நாளில் எனக்கு முதன்முதல் கற்பிக்கப்பட்ட பாடம் எழுதுவது எப்படி என்பதன்று. எழுதியதை வெளியே சொல்லாதிருப்பது எப்படி என்பதே. ‘இரகசியம்’ என்று சிவப்பு மையில் முத்திரையிட்ட கோப்பு மேசைக்கு வந்தால் குரல் தானே தாழ்ந்துவிடும். அரசுப் பணி நிமித்தம் தாயகம் விட்டு வந்த நம் சங்கத்து அன்பர்கள் பலர் இதனை நன்கு அறிவர். அந்த முத்திரை எங்கிருந்து வந்தது, அதனை எதிர்த்து எழுந்த குரல்கள் யாவை என்று சற்றே நோக்குவோம்.

அது வெள்ளையர் விட்டுச் சென்ற பூட்டு. 1889ஆம் ஆண்டு, லான்ஸ்டவுன் பிரபு வைசிராயாக இருந்தபோது, காசுமீரம் பற்றிய அரசாங்கக் குறிப்பொன்றைக் கல்கத்தாவின் ‘அமிர்த பஜார் பத்திரிகை’ வெளியிட்டது. அவ்வாண்டிலேயே இந்தியாவில் அரசாங்க இரகசியச் சட்டம் பிறந்தது. கர்சன் பிரபு அதனை மேலும் இறுக்க முற்பட்டபோது, சட்டமன்றத்தில் கோகலே எதிர்த்துப் பேசினார். எனினும் 1904இல் திருத்தம் நிறைவேறியது. 1923இல் வந்த சட்டமே இன்றளவும் நிலைத்துள்ளது. அதன் 5ஆம் பிரிவின்படி இரகசியத்தை வெளியிடுவோர் மட்டுமன்றி, அறிந்தே அதனைப் பெற்றுக்கொள்வோரும் குற்றவாளிகளே. ஆயினும் ‘இரகசியம்’ என்ற சொல்லுக்கு அச்சட்டத்தில் இலக்கணம் இல்லை. முத்திரை குத்தும் கையே இலக்கணமும் வகுத்தது.

விடுதலைக்குப்பின் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையை வழங்கியது. அவ்வுரிமைக்கு முதற் சோதனைகளுள் ஒன்று நம் சென்னையிலிருந்தே எழுந்தது. பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழையலாகாது என அன்றைய மாநில அரசு தடைவிதித்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1950 மே 26 அன்று தீர்ப்பெழுதியவர், சென்னையில் வழக்கறிஞராக விளங்கிய நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. கருத்தைப் பரப்பும் உரிமையும் பேச்சுரிமையுள் அடங்கும் என்று கூறித் தடையை அவர் நீக்கினார். மறு ஆண்டே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, அரசு விதிக்கக்கூடிய கட்டுப்பாடுகளை விரிவாக்கியது. கொடுத்த கையே சற்றுப் பிடித்தும் வைத்தது எனலாம்.

பேசும் உரிமை இருந்தால் போதுமா? அறியாததைப் பற்றி என்ன பேசுவது? 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி மாத்யூ, மக்கள் பெயரால் அரசு செய்வனவற்றை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று தெளிவுறுத்தினார். ஆயினும் அவ்வுரிமையைத் தெருவுக்குக் கொணர்ந்தோர் இராசத்தான் சிற்றூர்களின் கூலித் தொழிலாளர். பொதுப்பணிகளின் கூலிப் பட்டியலை எமக்குக் காட்டுக என்று அவர்கள் கேட்டனர்; 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் அமர்ந்து போராடினர். 1997இல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி மாநிலங்களுக்கு முன்னோடியாயிற்று. விலக்குகள் மலிந்த சட்டமே எனினும் தொடக்கம் தொடக்கமே. 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுமைக்குமான சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முரண்படுமிடத்தில் தானே மேலோங்கும் என அது தன் 22ஆம் பிரிவில் உரைக்கின்றது.

கேட்டுப் பெறும் செய்தி ஒருவகை. கசிந்து வரும் செய்தி மற்றொரு வகை. 1971இல் வியட்நாம் போர் பற்றிய சுமார் 7,000 பக்க இரகசிய ஆய்வை டேனியல் எல்ஸ்பெர்க் வெளிக்கொணர, ‘நியூயார்க் டைம்ஸ்’ அதனை அச்சிட்டது. அமெரிக்க அரசு தடை கோரியது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மறுத்தது. அத்தீர்ப்பின் எதிரொலி 2019இல் நம் நாட்டிலும் கேட்டது. ரஃபேல் விமானக் கொள்முதல் பற்றி ‘தி இந்து’ நாளிதழில் வெளிவந்த ஆவணங்களை நீதிமன்றம் பார்க்கவே கூடாது என்று அரசு வாதிட்டது. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. பின்னர் அவ்வாண்டு நவம்பரில் மறு ஆய்வு மனுக்கள் தள்ளுபடியாயின என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும். ஆவணத்தைப் பார்ப்பது வேறு, அதனால் குற்றம் மெய்ப்படுவது வேறு.

1995 ஆகஸ்ட் 15இல் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபின் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அச்சகம் அமைந்தது. அச்சமும் உடன் வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி அனுப்புவதையும் மூன்றாண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கியது. 2012இல் மும்பையை அடுத்த பால்கரில், நகரக் கதவடைப்பைக் குறைகூறி முகநூலில் எழுதிய இளம்பெண்ணும் அதனை விரும்பிக் குறியிட்ட தோழியும் கைதாயினர். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே செல்லாததாக்கியது. அதன் பின்னரும் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகி வந்தமையால், 2022இல் நீதிமன்றம் மீண்டும் கண்டிக்க நேர்ந்தது. செத்த சட்டமும் காவல் நிலையத்தில் நடமாடியது!

இனி என் அனுபவம் ஒன்று. முதிய ஓய்வூதியர் ஒருவர் பத்து ரூபாய்க் கட்டணம் செலுத்தி, தம் கோப்பு மூன்றாண்டாக எங்கே உள்ளது என்று வினவி விண்ணப்பித்தார். முப்பது நாளில் விடை தரல் வேண்டும். அதன் உறைமேல் இரகசிய முத்திரை இருந்தது. திறந்து பார்த்தேன், உள்ளே நாட்டின் பாதுகாப்பு ஏதுமில்லை. எங்கள் பிரிவின் அலமாரியில் அது உறங்கிய கதையே இருந்தது; அவ்வுறக்கத்தில் என் கையொப்பமும் ஒன்று. அன்று விடைக்கடிதத்தின் வரைவை எழுதுகையில் என் பேனா தயங்கியதை மறைக்கமாட்டேன். எழுதி அனுப்பினேன்.

படையின் நகர்வும் எல்லைக் காவலும் மறைவாகவே இருத்தல் வேண்டும். ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, கசந்த சொல்லையும் பொறுத்துக் கேட்பதை வேந்தனின் பண்பாக வைத்தார். நாட்டைக் காக்கும் மறைவையும் நம் சோம்பலைக் காக்கும் மறைவையும் வேறு பிரித்தறிதல், முத்திரை குத்தும் கைகளாகிய நமக்கும் உரிய கடமையாகும்.