நாகைச் சூடாமணி விகாரம்

சோழவளநாட்டுக் கடற்றுறைகளுள் நாகப்பட்டினம் பண்டுதொட்டே பெயர் பெற்றதாகும். மூவர் முதலிகளும் பாடிப் பரவிய காரோணம் அங்கு விளங்குதல் சைவர் யாவரும் அறிந்ததே. அந்நகரிலேயே சூடாமணி விகாரமென்னும் புத்தப்பள்ளியொன்றும் பல காலம் சிறந்திருந்தது. அதற்குச் சிவபாதசேகரனென விருது பூண்ட முதலாம் இராசராச சோழனே நிலம் அளித்தானென்பது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம்.

அப்பள்ளியைக் கடாரத்தரசன் சூளாமணிவர்மன் தொடங்க, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் முடித்துத் தந்தை பெயரால் நிலைபெறச் செய்தனன். இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 1006-இல், ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக ஈந்தான். அவ்வூர் 97 வேலிக்கு மேற்பட்ட நிலமும், ஆண்டொன்றுக்கு 8,943 கலத்திற்கு மேற்பட்ட நெல் வருவாயும் உடையது. தந்தை வாய்மொழியாக அருளியதை இராசேந்திரன் செப்பேட்டில் வரைவித்து உறுதி செய்தான். 21 ஏடுகள் கொண்ட அச்செப்பேடு பிற்காலத்தே ஹாலந்து நாட்டு லெய்டன் நகரையடைந்தமையால் பெரிய லெய்டன் செப்பேடு என வழங்கப்படும்.

இக்கொடை நிகழ்ந்த காலமும் நோக்கற்பாலது. நான்காண்டு கழித்து, 1010-இல், அவ்வரசனே தஞ்சைப் பெருங்கோயில் விமானத்திற்குச் செப்புக்குடம் அளித்தான். ஆகவே இது சிவபத்தி குன்றியவன் செயலன்று. கடாரத்தரசனும் தன் அதிகாரி வாயிலாக நாகைக் காரோணப் பெருமானுக்கு அணிகலன் முதலியன அளித்தமையை அக்கோயிற் கல்வெட்டுக்கள் கூறும். சைவ வேந்தன் புத்தப்பள்ளிக்கு ஈந்தான். புத்த வேந்தன் சிவன்கோயிற்கு ஈந்தான்.

1025-இல் இராசேந்திரன் கடற்படை செலுத்திக் கடாரம் கொண்டான். எனினும் பள்ளிக்கு அளித்த அறம் அழிந்திலது. 1090-இல் கடாரத்தரசன் தூதுவர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் பள்ளிச்சந்த ஊர்களின் வரிகளை நீக்கிச் செப்பேடு வழங்கினான்.

இதுகொண்டு சைவர் புத்தர் கொள்கையை உடன்பட்டனர் எனல் பொருந்தாது. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் நால்வகைப் பௌத்தர் கொள்கைகளையும் முன்வைத்தே மறுத்தனர். மறுக்கப்பட்டது கொள்கையேயன்றிக் கொண்டவரல்லர். புத்த வேடம் நீங்காமலே சிவனை வழிபட்ட சாக்கிய நாயனார் அறுபத்துமூவருள் ஒருவராய் வைத்துப் போற்றப்படுதலும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நாகையில் எஞ்சி நின்ற பழைய செங்கற்கோபுரமொன்று, 1867-இல் அரசினர் இசைவுடன் ஏசுசபைப் பாதிரிமாரால் இடிக்கப்பட்டது. 1856 முதலாக அங்கு மண்ணினின்றும் வெளிப்பட்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட புத்தப் படிமங்களுட் பல சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. கோபுரம் மறைந்தது, காரோணத்துக் கல்லும் ஆனைமங்கலச் செம்பும் மறையாது நின்று, தன்னெறியில் உறைத்து நிற்றலும் பிறர் அறத்தைக் காத்தலும் தம்முள் முரணா என்பதை இனிது விளக்குகின்றன.