மேலிருந்து பார்த்த சயாம் ரயில்

1944, 45-இல் நேசநாட்டு விமானங்கள் எடுத்த சயாம்–பர்மா ரயில்பாதையின் படங்களில் முதலில் கண்ணில் படுவது காடுதான். அப்புறம் குவாய் நொய் ஆறு. ஆற்றையொட்டி வெளுத்த கோடாக ஓடுகிறது பாதை. 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள்.

ஒரு படத்தில் பாதிக்குமேல் அடுத்த படத்திலும் வரும்படி எடுப்பார்கள். இரண்டையும் அருகருகே வைத்து ஸ்டீரியோஸ்கோப் வழியாகப் பார்த்தால் மேடுபள்ளம் எழுந்து நிற்கும். பாலத்தின் உயரத்தை அதன் நிழலை வைத்தே கணக்கிடலாம். அவர்கள் தேடியது ஒன்றுதான்: எங்கே குண்டு போட்டால் ரயில் நிற்கும்? 1945-இல் எடுத்த படங்களில் காஞ்சனபுரி இரும்புப் பாலத்தின் நடுப்பகுதி ஆற்றில் விழுந்து கிடக்கிறது. கரையெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குண்டுக்குழிகள்.

பாதையோரம் நீளநீளமாய் அத்தாப்புக் கொட்டகைகள். உள்ளே இருப்பது ஜப்பான்காரனா, வெள்ளைக்காரக் கைதியா, நம்ம தோட்டத்து ஆளா? மேலிருந்து தெரியாது. 1944 செப்டம்பரில் நோங் பிளாடுக் ரயில் நிலையத்தைக் குறிவைத்த குண்டுகள் பக்கத்து முகாமில் விழுந்து, ஏறக்குறைய நூறு போர்க்கைதிகள் செத்தார்கள்.

ஆனால் தமிழர்களைப் பொறுத்தவரை அந்தக் கேமரா வந்ததே தாமதம். மலாயாத் தோட்டங்களிலிருந்து சரக்கு வண்டியில் அடைத்துக் கொண்டுபோனவர்களில் ஏராளமானோர் 1943 மழைக்காலத்துக் காலராவிலேயே போய்விட்டார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு ஏறக்குறைய 90,000 என்று பரவலாகச் சொல்கிறார்கள். போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேல். போர் முடிந்ததும் கைதிகளின் குழிகளைத் தேடியெடுத்துக் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தன்பியூசயாட்டிலும் கல்லறை கட்டினார்கள். நம்மவர்களின் குழியைப் பெயர்சொல்லித் தேட ஆளில்லை. ஆள் மட்டுமா போனது? கெமாஸிலிருந்து கோத்தா பாரு போகும் பாதையின் தண்டவாளத்தையும் கழற்றி அங்கேதான் கொண்டுபோனார்கள்.

இன்றைய செயற்கைக்கோள் படத்தில் அந்தக் கோட்டைத் தேடினால் நாம் தொக் வரைதான் ரயில் போகிறது. அதற்கப்பால் காடு, சோளக்கொல்லை, சாலை. இன்னும் மேலே போனால் 1980-களில் கட்டிய அணையின் நீர்த்தேக்கம் பாதையில் ஒரு பகுதியை விழுங்கியிருக்கிறது. கீழே பாலத்தைச் சுற்றி ஓட்டல்களும் கடைகளும்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டு நாவல்களையும் படித்துவிட்டுப் பழைய படங்களுக்குத் திரும்பினால் கண் பாலத்தில் நிற்பதில்லை. கொட்டகைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறதே, அது சமையல்கட்டா, குழியா என்று பூதக்கண்ணாடியை எடுக்கத் தோன்றுகிறது.