கயிறும் காற்றுக் கலனும்: மன்னார் வளைகுடாவில் மூழ்காளர் காப்பு முறைகளின் வரலாறு

முன்னுரை

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைக் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் முத்து வணிகம், அரசுகளின் வருவாய், பரதவர் சமூக வரலாறு ஆகியவற்றையே மையப்படுத்துகின்றன. நீருக்குள் இறங்கியவர் உயிருடன் மேலேறுவதற்குச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் அவற்றில் இடைக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. அவ்வேற்பாடுகளை ஒரு காப்பு முறையாகக் கொண்டு, முதுகில் காற்றுக் கலன் சுமந்து மூழ்கும் ஸ்கூபா முறை வந்தபோது அவற்றுள் எது செல்லாததாயிற்று, எது தொடர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கடல்கட்டி

மூழ்குவோரின் முதல் அச்சம் சுறா. கொற்கைப் பரதவர் சுறாவை விலக்கி வலம்புரிச் சங்கு எடுத்ததை அகநானூற்றின் 350ஆம் பாடல் குறிக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மந்திரத்தால் பெருமீன்களைக் கட்டுவோர் இருந்ததையும், அவர்களுக்கு எடுப்பில் இருபதில் ஒரு பங்கும் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் சென்றதையும் பதிவு செய்துள்ளார். இம்மந்திரக் கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அது அவிழ்க்கப்பட்டது என்றும் அவர் கூறுகிறார். இரவில் யாரும் திருட்டுத்தனமாகக் குளிக்காதிருக்க அது உதவியது. எனவே கடல்கட்டியின் பணி, குளியாளின் உயிரோடு முத்துப் பாரின் உடைமையையும் காத்தது எனலாம்.

பிரித்தானிய ஆட்சியினர் இதனை மூடநம்பிக்கை என எழுதிக்கொண்டே கடல்கட்டிக்குச் சம்பளமும் கொடுத்தனர். கடல்கட்டி இல்லாமல் குளியாட்கள் இறங்க மறுத்ததே காரணம். மந்திரம் சுறாவைக் கட்டியதா என்ற வினா வரலாற்றாய்வுக்கு அவ்வளவு முக்கியமன்று. வேலை தொடங்குமுன் ஆபத்தை ஒப்புக்கொண்டு அதற்கெனச் செலவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைக் குளியாட்கள் அரசின்மீது சுமத்த முடிந்தது என்பதே இங்குக் கவனத்திற்குரியது.

கல், கயிறு, இணை

ஆங்கிலேயப் படை அதிகாரி ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் குளிப்பு முறை விரிவாக வருகிறது. ஒரு படகில் குளியாட்கள் 10 பேர். ஒரு வேளையில் மூழ்குவோர் 5 பேர். கயிற்றில் கட்டிய கல்லைக் கால்விரல்களால் பற்றி, வலைப்பையுடன், மூக்கை ஒரு கையால் மூடியவாறு அவர்கள் இறங்கினர். மூச்சு முட்டும் தறுவாயில் கயிற்றைச் சுண்டினால் படகிலிருப்போர் விரைந்து இழுத்துத் தூக்கினர். ஒரு நாளில் 40 முதல் 50 முறை மூழ்கியதையும், மேலேறியவர்களின் காது, மூக்கு, வாய் வழியே சில வேளைகளில் குருதி வந்ததையும் பெர்சிவல் குறிப்பிடுகிறார். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப்போல் இரு மடங்காகிறது. அக்குருதிக்குச் செவிப்பறையும் முக எலும்பறைகளும் அதற்கு ஈடுகொடுக்க இயலாமையே பெரிதும் காரணமாகலாம்.

மாறிமாறி இறங்கும் முறையை அக்காலப் பதிவாளர்கள் வேலைப் பங்கீடாகவே கண்டனர். பசிபிக்கின் துவாமோத்துத் தீவுகளோடு ஒப்பிட்டால் அதன் வேறொரு பயன் விளங்கும். அங்கு 30 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், சிறிதே ஓய்வெடுத்து மணிக்கணக்கில் மூழ்கிய முத்துக்குளிப்போருக்குத் தலைசுற்றலும் வாதமும் மரணமும் நேர்ந்தன. அவர்கள் இந்நோயைத் 'தாரவானா' என்றழைத்தனர். அண்டைத் தீவான மங்கரேவாவில் குளிப்புகளுக்கிடையே 10 நிமிடத்திற்கு மேல் ஓய்ந்தவர்களிடம் இது காணப்படவில்லை. மன்னார்ப் பார்கள் பெரும்பாலும் 9 முதல் 18 மீட்டர் ஆழமே உடையவை. ஆழக்குறைவோடு, இணைக்குளியாள் நீரிலிருக்கும் நேரம் மற்றவருக்கு ஓய்வாக அமைந்ததும் இங்குக் காப்பாகியிருக்க வேண்டும்.

தலைகீழான விதி

மூச்சடக்கி மூழ்குபவர் கடற்பரப்பில் இழுத்த ஒரே மூச்சுடன் சென்று அதனுடனேயே மீள்கிறார். அழுத்தத்தில் சுருங்கிய நுரையீரல் மேலேறும்போது பழைய அளவையே அடையும். ஆகவே அவருக்கு விரைவே காப்பு. ஆழத்தில் அழுத்தக்காற்றைச் சுவாசிப்பவர் நிலை வேறு. 10 மீட்டரில் நிறைத்த மூச்சை அடக்கியபடி மேலேறினால் அக்காற்று இரு மடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழிக்கும். இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் குமிழியாவது இரண்டாவது இடர். இதனைப் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878இல் நிறுவினார். ஆடுகளைக் கொண்டு சோதித்த ஜான் ஸ்காட் ஹால்டேன் குழுவினர், படிப்படியாக மேலேறுவதற்கான அட்டவணைகளை 1908இல் வெளியிட்டனர்.

1943இல் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய அக்வாலங் இக்கருவியைக் கடற்படை எல்லைக்கு அப்பால் கொண்டுசென்றது. பொழுதுபோக்கு மூழ்கலுக்கெனப் பயிற்சி அமைப்புகள் எழுந்தன; பிரித்தானிய சப் அக்வா கிளப் 1953இலும், பாடி 1966இலும் தோன்றின. அவை கற்பித்த முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. நிமிடத்துக்கு 18 மீட்டர் என்றிருந்த மேலேறும் வேகம் பின்னாளில் 9 மீட்டராகக் குறைக்கப்பட்டது. சுமார் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் தங்குவது வழக்கமாயிற்று. பல நாள் மூழ்கியவர் 18 மணி நேரமாவது கழித்தே விமானம் ஏற வேண்டும் என்ற பயண நெறியும் சேர்ந்தது. தலைமுறைகளாகக் கைவந்த மூச்சடக்கமும், கயிறிழுப்போரின் விரைவும் இப்புதிய முறையில் கொல்லும் பழக்கங்களாயின. இணை மட்டுமே எஞ்சியது. அவ்விணையும் படகில் நில்லாமல் உடன் மூழ்கி, தேவைப்பட்டால் தன் காற்றையே பகிர்கிறது.

குழாயின் வழி

இந்தியக் கரையில் முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்த தொடரோடு நின்றுபோனது. அதன்பின் 1960களில் தூத்துக்குடி ஆய்வாளர்கள் அக்வாலங் அணிந்து பார்களை நேரில் ஆராய்ந்தனர். சங்குகுளிப்போரிடம் வந்துசேர்ந்ததோ படகிலுள்ள கம்ப்ரசரும் அதன் நீண்ட குழாயும். கலனில் அடைத்த காற்று தீர்வதால் ஸ்கூபா மூழ்காளருக்கு ஓர் இயற்கையான கால வரம்பு உண்டு. அவர் கையில் ஆழமானியும் கணினியும் உள்ளன. கம்ப்ரசரோ எரிபொருள் உள்ளவரை ஓடும். ஆழமும் நேரமும் கணக்கிடப்படாதபோது நைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகிறது. எஞ்சின் திடீரென நின்றால் குளியாள் உடனே மேலெழ வேண்டியவராகிறார். அக்கணத்தில் முன்னோரின் பயிற்சி, மூச்சை அடக்கு என்கிறது.

பழைய முறையில் ஆபத்து நீருக்குள்ளேயே முடிந்தது. கயிறு பிடித்தவரால் அதைக் காண முடிந்தது. அழுத்தக்குறை நோய் கரையேறிச் சில மணி நேரம் கழித்து, தோளிலோ முழங்காலிலோ வலியாகத் தொடங்கலாம். அதற்குள் படகிலிருந்தோர் கலைந்திருப்பர். குளியாள் அதனை அன்றைய உழைப்பின் அலுப்பாகவே எண்ணி மறுநாளும் கடலுக்குச் செல்கிறார்.