மூன் ரிவர் அண்ட் அதர் கிரேட் மூவி தீம்ஸ்

அமெரிக்கப் பாடகர் ஆண்டி வில்லியம்ஸ் (1927–2012) 1962இல் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காகப் பாடிய இசைத்தொகுப்பு. வகை: மரபுவழி பாப். காதல் சாயல் கொண்ட திரைப்பாடல்களை, வாத்தியக் குழுவின் துணையுடன் மென்குரலில் தருகிறது.

தலைப்புப் பாடலான ‘மூன் ரிவர்’ 1961இல் வெளியான ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’ படத்துக்கு உரியது. இசை ஹென்றி மான்சினி. வரிகள் ஜானி மெர்சர். படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் பாடிய இப்பாடல் ஆஸ்கர் வென்றது. அவ்விழா மேடையில் அதைப் பாடியவர் வில்லியம்ஸ்.

‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் ‘மரியா’, ‘டுநைட்’ பாடல்களும் ‘காசாபிளாங்கா’ புகழ்பெறச் செய்த ‘ஆஸ் டைம் கோஸ் பை’ பாடலும் தொகுப்பில் உள்ளன.

‘மூன் ரிவர்’ வில்லியம்ஸின் அடையாளப் பாடலாயிற்று. 1992இல் பிரான்சன் நகரில் அவர் தொடங்கிய அரங்கும், 2009இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பும் அதன் பெயரைத் தாங்கின.