பங்களாத் தோட்டத்தில் பிழைத்த மரம்: தமிழக மலைகளில் பேரி வந்த வரலாறு

சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை செல்சியஸ். 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் அந்தக் குளிர் வந்தது. பேரிமரம் உறங்கி எழுவதற்கு வேண்டிய குளிரோ ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழேதான் தொடங்குகிறது. ஐரோப்பியப் பேரி வகைகள் பலவற்றுக்கு அத்தகைய குளிர் ஒரு பருவத்தில் 800 மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். கிடைக்காவிட்டால் மொட்டு விழிக்காது. விழித்தாலும் இலையும் பூவும் முறைதவறி வரும். திருவான்மியூரில் வீட்டுத் தோட்டம் போட நினைப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையோர நர்சரிகளில் பேரிக் கன்று தேடுமுன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. அந்தக் கடலோர மணலில் தென்னையும் கொய்யாவும் சப்போட்டாவும் செழித்துக் காய்க்கும். பேரிக்கு அங்கே குளிர்காலமே கிடையாது.

ஆனால் கொடைக்கானலிலும் குன்னூரிலும் உதகையிலும் வீட்டுக் கொல்லைகளில் பேரி காய்க்கிறது. அங்கே அது எப்படி வந்தது, வந்த வகைகளில் எது நிலைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இந்த வரலாறு பெரும்பாலும் வெள்ளைக்கார கலெக்டர்களின் தோட்ட ஆர்வமாகவே சொல்லப்படுகிறது. கன்றுகளைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம். ஆயினும் எந்தக் கன்று பிழைக்க வேண்டும் என்பது அவர்கள் கையில் இருக்கவில்லை.

இந்தியாவுக்குப் பேரி புதிதல்ல. கனிஷ்கர் காலத்தில் சீனாவிலிருந்து வந்த பிணையாளிகள் பேரியையும் பீச்சையும் பஞ்சாப் பகுதியில் அறிமுகப்படுத்தியதாக 7-ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். இன்றும் பஞ்சாப் சமவெளியில் விளைவது சீன மணற்பேரியின் வழிவந்த கெட்டியான இனம். தெற்கே வந்த பேரிக்குப் பாதையும் வேறு, காலமும் வேறு.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார். மலையில் அவர் அமைத்த குடியிருப்பைச் சுற்றி ஐரோப்பியக் காய்கறிகளும் பழமரங்களும் நடப்பட்டன. 1840-களில் உதகையில் குடியேறிய ஐரோப்பியர்கள் சந்தா கட்டிக் காய்கறித் தோட்டம் ஒன்றை நடத்தினார்கள். 1848-இல் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த மக்ஐவர் என்பவர் கையில்தான் அது தாவரவியல் பூங்காவாக வளரத் தொடங்கியது. பழனி மலையில் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் 1845-இல் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மதுரை கலெக்டராக இருந்து ஓய்வுபெற்ற வியர் லெவிஞ்ச் 1867-இல் கொடைக்கானலிலேயே தங்கிவிட்டார். 1863-இல் ஏரி அமையக் காரணமாக இருந்தவரும் அவரே. ஐரோப்பியப் பழமரங்களும் பூச்செடிகளும் அவ்வூரில் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த முயற்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, அவற்றின் அளவு. காஷ்மீரில் உள்ளதுபோல இங்கே ஏக்கர் கணக்கில் தோப்புகள் எழவில்லை. பங்களாவுக்குப் பின்னால் சில மரங்கள், பாதிரியார் வீட்டு வேலியோரம் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். பழம் வீட்டாருக்கும் விருந்தினருக்கும் சமையலறை ஜாமுக்கும் போனது. இந்தச் சிறிய அளவே பேரியைக் காப்பாற்றியது என்று கருதுகிறேன். சந்தையை நம்பி நட்ட மரம் விலை விழுந்தால் வெட்டப்படும். வீட்டு மரத்துக்கு அந்த ஆபத்து குறைவு.

அடுத்து, வகைகள். 1770-வாக்கில் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் தோன்றிய வில்லியம்ஸ் பேரிதான் அக்கால ஐரோப்பியரின் ஆசைப்பழம்: வெண்ணெயாகக் கரையும் சதை, நல்ல மணம். தமிழக மலைகளிலும் அது நடப்பட்டது, ஆனால் ஆதிக்கம் பெறவில்லை. காரணம் உயரமல்ல, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது. உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனிகூட விழுகிறது. ஆனால் விடிந்ததும் வெயில் ஏறி, இரவில் சேர்ந்த குளிரின் பயனைக் குறைத்துவிடுகிறது. இங்கிலாந்தைப் போல வாரக்கணக்கில் நீளும் குளிர் 11 பாகை அட்சரேகையில் கிடைப்பதில்லை.

அந்த இடத்தை நிரப்பியவை நாட்டுப் பேரியும் கீஃபரும். கீஃபர், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பீட்டர் கீஃபர் என்பவரின் நாற்றங்காலில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவான கலப்பினம். அதில் சீன மணற்பேரியின் இரத்தம் ஓடுகிறது. குளிர்த் தேவை ஐரோப்பிய வகைகளைவிட மிகக் குறைவு. ஒட்டுக்கட்ட வேர்க்கன்றாக இன்றும் பயன்படுவது நாட்டுப் பேரிதான். இவை இரண்டும் கெட்டியானவை, கடித்தால் நறநறக்கும். சதையிலுள்ள கல்போல் இறுகிய செல்களே காரணம். ஐரோப்பிய நாக்கு இதைக் குறை என்றது. மிளகாய்த்தூளும் உப்பும் தொட்டுக் காயாகவே கடித்து மகிழும் நம் நாக்குக்கு அது குறையாகத் தெரியவில்லை.

இந்தக் கெட்டித்தன்மைக்கு இன்னொரு பயனும் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-இல்தான் வந்தது. உதகையை எட்ட 1908 ஆயிற்று. கொடைக்கானலுக்கு வண்டிச் சாலை அதற்கும் பிந்தியது. அதுவரை சுமையாள் தலையில் இறங்கிய கூடைகளில் வில்லியம்ஸ் நசுங்கிவிடும், நாட்டுப் பேரி நசுங்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான பருவத்தில் சென்னைத் தள்ளுவண்டிகள் வரை அது வந்து சேர்வதற்கும் இந்தக் குணம்தான் அடிப்படை.

அரசு இதில் பிந்தித்தான் நுழைந்தது. குன்னூரில் 1874-இல் சிம்ஸ் பூங்கா தொடங்கியது; 1920-இல் அதே ஊரில் பழவியல் நிலையம் அமைந்தது. பின்னர் கொடைக்கானலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வந்தது. ஒட்டுக்கன்றும் கவாத்து முறையும் விவசாயிகளுக்குப் பரவ இவை உதவின. மலைக் கிராமங்களில் உருளைக்கிழங்கு, பூண்டுப் படிக்கட்டு நிலங்களின் ஓரங்களிலும் பேரி இடம் பிடித்தது. பங்களா மரம் உழவர் மரமான கட்டம் இதுவே. நட்டவர்களின் பெயர்களைப் பதிவேடுகள் காத்துவைத்திருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் கவாத்து செய்த தோட்டக்காரர்களின் பெயர்களை எங்கும் காணோம் என்பது இந்த வரலாற்றின் பெரிய இழப்பு.

பழைய பங்களாக்கள் விடுதிகளாக மாறும்போது முதலில் சாய்வது கொல்லை மரம். அதனோடு, இம்மலைக்குப் பழகிய மரபணுவும் போய்விடுகிறது. குளிர் குறைந்துவரும் இக்காலத்தில் குறைந்த குளிரில் காய்க்கும் அந்த மரபணு விலைமதிப்பற்றது. பேரி நூறாண்டு வாழக்கூடிய மரமாதலால், முதல் நடவின் வாரிசுகள் சில இன்னும் நிற்க வாய்ப்புண்டு. ஜனவரிக் கவாத்தில் கழிக்கப்படும் குச்சிகளை அவற்றிலிருந்து வாங்கி, நாட்டுப் பேரி வேர்க்கன்றில் ஒட்டி, மரம் நின்ற வீடு, தெரு, வயது ஆகியவற்றோடு பதிந்துவைக்கும் வேலையைக் கொடைக்கானலிலும் குன்னூரிலும் உடனே தொடங்கலாம்.