கிந்தாஸாவின் புகை

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், உதுமானிய ஆட்சியினர் ஜித்தாவில் ஒரு கொதிகலனை நிறுவினர். நிலக்கரியை எரித்துக் கடல்நீரை ஆவியாக்கி, அதனைக் குளிரச் செய்து ஹாஜிகளுக்கும் நகர மக்களுக்கும் குடிநீர் வழங்குவதே அதன் பணி. 'கண்டென்ஸர்' என்னும் ஐரோப்பியச் சொல்லை ஜித்தாவாசிகள் தம் நாவிற்கேற்பக் 'கிந்தாஸா' ஆக்கிக்கொண்டனர். அரபி வேரில் பிறவாத இச்சொல், அந்நகரில் நிலைத்தும் விட்டது. அரபகத்தில் நீருக்காக எழுந்த புகையின் வரலாற்றை இச்சொல்லிலிருந்தே தொடங்கலாம்.

1938இல் தம்மாமின் ஏழாம் கிணற்றில் எண்ணெய் பெருகிற்று. மறு ஆண்டு மே முதல் நாள் மன்னர் அப்துல் அஸீஸ் ராஸ் தன்னூராவில் குழாயைத் திறந்துவிட, முதல் கப்பல் நிரம்பியது. எண்ணெயோடு வெளிவந்த எரிவாயுவோ வாங்குவாரின்றிப் பல்லாண்டுகள் பாலையில் வீணே எரிந்தது. அதனைத் திரட்டிப் பயன்கொள்ளும் பெருந்திட்டம் 1970களின் நடுவில்தான் உருவாயிற்று.

1973க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்தது, நகரங்கள் விரிந்தன. நம் ஊர்களிலிருந்தும் எத்தனையோ இளைஞர் பிழைப்புத் தேடி அங்கே சென்றனர். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நாட்டில் இத்தனை பேருக்கும் நீர் எங்கிருந்து வரும்? கடலையே நாட வேண்டியிருந்தது. 1974இல் உவர்நீரை நன்னீராக்கத் தனி நிறுவனம் அமைந்தது. கிந்தாஸாவின் நிலக்கரிக்குப் பதில் எண்ணெயும் எரிவாயுவும் எரிந்தன. கொதிக்க வைக்காமல் சவ்வின் வழியே உப்பைப் பிரிக்கும் சிக்கன முறை பிற்காலத்தில்தான் பரவியது.

இன்று ஸவூதி அரபியாவில் ஆண்டுக்கு ஆள் ஒன்றுக்குக் கரியமில வாயு 15 டன்னுக்கு மேல். இந்தியாவில் ஏறக்குறைய 2 டன். இதனை ஆடம்பரம் என ஒரே சொல்லில் முடிப்பாருண்டு. மலிவான பெட்ரோலும் பெரிய மோட்டார் கார்களும் ஆடம்பரமே, மறுப்பதற்கில்லை. ஆயின் குடிநீரை எந்த ஏட்டில் எழுதுவது?

கணக்கெழுதும் முறையும் விந்தையானது. எரிபொருள் எந்நாட்டில் எரிகிறதோ, புகை அந்நாட்டின் பெயரில் பதிவாகும். ஸவூதி எண்ணெய் ஜப்பானில் எரிந்தால் ஜப்பானின் கணக்கு. டாக்காவில் தைத்த சட்டையை ஐரோப்பியர் அணிந்தாலும் ஆலைப்புகை பங்களாதேஷின் கணக்கு. விதி ஒன்றே; எண்ணெய் விற்பவருக்கு அது சலுகை, சட்டை தைப்பவருக்குச் சுமை. 2060க்குள் நிகர உமிழ்வை இல்லாமலாக்குவோம் என்று 2021 அக்டோபரில் ஸவூதி அரபியா அறிவித்த உறுதிமொழியிலும் கப்பலேறும் எண்ணெய் சேரவில்லை.